வன்னியில் புகையிரதம் ஏறுவது எப்படி: பயணச்சீட்டிலிருந்து ஆசனம் வரை

வண்டி புறப்படுகின்ற காங்கேசன்துறையில் ஒருவர் ஆறுதலாக வந்து, பெட்டி பெட்டியாகப் பார்த்து, யன்னலோர ஆசனத்தில் அமர்ந்து, தேநீரும் குடித்துவிட்டுப் பயணத்தைத் தொடங்கலாம். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் வவுனியாவிலும் அது நடவாது. இந்த நிலையங்களுக்கு வண்டி ஏற்கெனவே ஆட்களுடன் வருகிறது. சிறிய நிலையங்களில் ஓரிரு நிமிடமும் வவுனியாவில் சற்றுக் கூடுதலாகவும் நின்றுவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே, எங்கள் பக்கத்தில் புகையிரதம் ஏறுவது வண்டி வந்தபின் செய்யும் காரியமன்று. நீங்கள் மேடையில் எந்த இடத்தில், எதைக் கையில் வைத்துக்கொண்டு, யாரை முன்னே விட்டு நிற்கிறீர்கள் என்பதிலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணமும் உண்டு. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வடபகுதிக்கான சேவை நின்றுபோனதன் பின்னர், வவுனியாவே கடைசி நிலையமாயிற்று. 2011 இல் ஓமந்தைக்கும், 2013 செப்ரெம்பர் 14 இல் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், அதே ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் பாதை படிப்படியாகத் திரும்பி வந்தது. இடையில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, தண்டவாளமே இல்லாத வெறும் அணையைப் பார்த்துத்தான் வளர்ந்தது. அவர்களுக்குத் தெரிந்தது பஸ். கையைக் காட்டினால் பஸ் நிற்கும். ஓடிவருகிறவருக்காகக் கொண்டக்டர் மணியை அடித்து நிறுத்துவார். மூட்டையைக் கீழிருந்து தூக்கிக்கொடுக்க ஒரு கையும் மேலிருந்து வாங்க ஒரு கையும் வரும். புகையிரதத்திற்கு இந்தத் தயவு கிடையாது. வவுனியாவில் இருந்தவர்களுக்கோ வேறொரு பழக்கம்: கடைசி நிலையமாயிருந்த காலத்தில் வண்டி அங்கிருந்தே புறப்பட்டதால், விரும்பிய ஆசனத்தில் ஏறி இருந்துவிடலாம். இன்று அதுவும் ஓர் இடைநிலையமே. இரண்டு பழக்கங்களையும் மேடைக்கு வெளியே விட்டுவிட்டு வருவதே நல்லது.

எந்த வண்டி, எந்த நிலையம்

யாழ்தேவி, உத்தரதேவி, இரவு அஞ்சல் வண்டி, குளிரூட்டிய நகர்சேர் கடுகதி என்று வடபாதையில் ஓடும் வண்டிகள் எல்லாம் எல்லா இடங்களிலும் நிற்பதில்லை. ஓமந்தை, புளியங்குளம், முறிகண்டி, அறிவியல்நகர் போன்ற நிலையங்களைக் கடுகதிகள் வேகம் குறையாமலே கடந்துபோவதுண்டு. பல்கலைக்கழக மாணவர்கள் அறிவியல்நகரில் நின்றுகொண்டு, தாங்கள் ஏற நினைத்த வண்டி காற்றைக் கிளப்பிக்கொண்டு போவதைப் பார்த்து நிற்பது நடக்காத கதையன்று. ஆகையால், முதலில் வண்டியின் பெயரையும் அது நிற்கும் இடங்களையும் சேர்த்தே உறுதிசெய்துகொள்ள வேண்டும். நேர அட்டவணை அவ்வப்போது மாறும். 2023, 2024 ஆம் ஆண்டுகளில் மாகோவுக்கும் ஓமந்தைக்கும் இடைப்பட்ட பாதையைத் திருத்துவதற்காகப் பகுதி பகுதியாகச் சேவைகள் நிறுத்தப்பட்டு, பின்னர் நேரங்கள் மாற்றப்பட்டதை நினைவிற் கொள்ளுங்கள். வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய நேரத் தாளை நம்பாமல், புகையிரதத் திணைக்களத்தின் 1971 என்ற இலக்கத்துக்கோ அருகிலுள்ள நிலையத்துக்கோ முதல் நாளே அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான் பகுதிகளிலிருந்து வருகிறவர்களுக்கு மாங்குளமே வாய்ப்பான நிலையம். முல்லைத்தீவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்தைப் பஸ்ஸில் வரவேண்டியிருப்பதால், வண்டி நேரத்தைச் சரியாகத் தொடும் பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்திய பஸ்ஸில் புறப்படுங்கள். வவுனியாவிலிருந்து மடுவுக்கோ தலைமன்னாருக்கோ புகையிரதத்தில் போக விரும்புகிறவர்கள் மதவாச்சியில் மாறவேண்டும்; மன்னார்ப் பாதை அங்கேதான் பிரிகிறது.

பயணச்சீட்டு

ஆசனம் முன்பதிவு செய்த பயணம் ஒன்று, செய்யாத பயணம் இன்னொன்று. இரண்டுக்கும் ஏறும் முறையே வேறு.

முன்பதிவு, பயண நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னர் திறக்கிறது. நிலையத்தின் முன்பதிவுக் கருமபீடத்திலும் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் செய்துகொள்ளலாம். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, நல்லூர்த் திருவிழாக் காலம், ஆவணியில் மடுத் திருவிழா, தீபாவளி, போயாவுடன் சேர்ந்து வரும் நீண்ட விடுமுறை ஆகிய நாட்களுக்கு முப்பதாவது நாளிலேயே ஆசனங்கள் முடிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு செயற்படுங்கள். பதிவின்போது கொடுத்த தேசிய அடையாள அட்டையைப் பயணத்தின்போதும் கையில் வைத்திருங்கள்; பரிசோதகர் கேட்டால் காட்ட வேண்டும். வேறொருவர் பெயரில் எடுத்த சீட்டைக் கூடுதல் விலைக்கு விற்கும் இடைத்தரகர்களிடம் வாங்கிவிட்டு, வண்டிக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைப்போல அவமானம் வேறில்லை. இணையவழிச் சீட்டென்றால் அதைக் கைபேசியில் தரவிறக்கி வைப்பதோடு, ஓர் அச்சுப் பிரதியையும் மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் காட்டோரமாக ஓடும்போது இணைய இணைப்பை நம்பிச் சீட்டைத் திறக்க நினைப்பது வீண்.

சீட்டில் மூன்று செய்திகளைத் தேடிப் பாருங்கள்: வண்டியும் திகதியும், பெட்டியின் எழுத்து, ஆசன இலக்கம். நடுவில் உள்ளதை எவரும் பார்ப்பதில்லை. மேடையில் உதவப்போவதோ அதுதான்.

முன்பதிவில்லாத சீட்டு, பயண நாளிலேயே, வண்டி வருவதற்குச் சற்று முன்னர் கருமபீடத்தில் கொடுக்கப்படும். பல நிலையங்களில் இன்றும் தடித்த சிறு அட்டைத் துண்டுதான். விரலிடுக்கில் வழுவி விழுந்தால் சத்தமும் கேட்காது. சில்லறையைத் தயாராக வைத்திருங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சீட்டுத் தேவையில்லை. பன்னிரண்டு வயது வரை அரைச்சீட்டு. அரச உத்தியோகத்தர்கள் கொண்டுவரும் வரண்ட் (பயணச்சீட்டுக்காக அரசு வழங்கும் ஆணைப் பத்திரம்) தனியே பயணச்சீட்டாகாது. அதைக் கருமபீடத்தில் கொடுத்துச் சீட்டாக மாற்ற வேண்டும்; எழுதிப் பதிவதற்கு நேரம் எடுக்கும். பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது வரண்டை நீட்டி எல்லோருடைய பொறுமையையும் சோதிக்காமல், கருமபீடம் திறக்கும்போதே முதல் ஆளாக நிற்பது உங்களுக்கும் நல்லது. சீட்டில்லாமல் ஏறி உள்ளே வாங்கிக்கொள்ளலாம் என்ற பஸ் நினைப்பும் வேண்டாம். பிடிபட்டால் கட்டணத்தோடு தண்டமும் கட்டவேண்டி வரும்.

நிலையத்துக்கு வந்தபின்

அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். பண்டிகைக் காலத்தில் ஒரு மணி நேரம். வந்ததும் வாங்கில் அமர்ந்துவிடாமல், வண்டி நேரத்துக்கு வருகிறதா, எத்தனையாம் மேடை என்ற இரண்டையும் கேளுங்கள்.

வடபாதை வன்னியில் ஒற்றைத் தண்டவாளப் பாதை. வடக்கே போவதும் தெற்கே போவதும் ஒரே தண்டவாளத்தில் ஓடுவதால், எதிரெதிரே வருபவை ஏதாவது ஒரு நிலையத்தில்தான் ஒன்றுக்கொன்று வழிவிட முடியும். ஒன்று தாமதித்தால் மற்றதும் தாமதிக்கும். மாடுகள் பாதையில் படுத்திருந்தாலோ, மதவாச்சிப் பக்கத்தில் யானை குறுக்கிட்டாலோ அதன் விளைவு கிளிநொச்சி மேடை வரை வந்துசேரும். இரண்டு வண்டிகள் உங்கள் நிலையத்திலேயே சந்திக்க நேர்ந்தால், வழமையாக ஒன்றாம் மேடைக்கு வரும் வண்டி அன்று இரண்டாம் மேடைக்கு வரக்கூடும். அறிவிப்பு மூன்று மொழிகளிலும் சொல்லப்பட்டாலும், ஒலிபெருக்கியின் இரைச்சலில் எந்த மொழியும் விளங்காமற் போவதுண்டு. எனவே ஒலிபெருக்கியைவிட நிலைய அலுவலரின் வாயை நம்புங்கள்.

அவரிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "வண்டி எப்ப வரும்?" என்று கேட்டால் அட்டவணை நேரம்தான் பதிலாகக் கிடைக்கும். "ஐயா, வண்டி இப்ப எந்த ஸ்டேசனை விட்டிட்டுது?" என்று கேளுங்கள். ஒற்றைப் பாதையில் ஒரு நிலையத்தை வண்டி விட்டதும் அடுத்த நிலைய அதிபருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். இல்லையேல் வண்டியே நகர முடியாது. தெற்கே போகக் கிளிநொச்சியில் நிற்கும் உங்களுக்கு "பரந்தனை விட்டிட்டுது" என்ற பதில் கிடைத்தால், அது சில நிமிடங்களில் வந்துவிடும்; பிள்ளையை மலசலகூடத்துக்குக் கூட்டிப்போகும் யோசனையைக் கைவிடுங்கள். "இன்னும் பளை வரேல்லை" என்றால் ஒரு தேநீருக்கு நேரமிருக்கிறது.

மேடை மாற வேண்டியிருந்தால் மேம்பாலத்தாலோ, அது இல்லாத இடத்தில் அலுவலர் காட்டும் கடவையாலோ மட்டும் மாறுங்கள். தண்டவாளத்துக்குள் குதித்துக் கடப்பதை இளவட்டங்கள் ஒரு வீரமாகச் செய்கிறார்கள். மீளமைக்கப்பட்ட இந்தப் பாதையில் வண்டி பழைய காலத்தைப்போலக் கடகடவென்று ஊரெல்லாம் கேட்க வருவதில்லை. நிற்காமற் போகும் கடுகதி திரும்பிப் பார்ப்பதற்குள் பக்கத்தில் வந்துவிடும். மேடை விளிம்புக்குச் சமீபமாக வரையப்பட்டிருக்கும் கோட்டுக்குப் பின்னால் நிற்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

எங்கே நிற்பது

இதுதான் முழு வழிகாட்டியின் உயிர்நாடி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வண்டி ஏறக்குறைய மேடையின் நீளத்துக்கு நிற்கும். சில வேளைகளில் அதையும் மிஞ்சும். முன்பதிவுப் பெட்டிகள் எந்தப் பக்கம் வரும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். இயந்திரத்துக்கு அடுத்தாற்போலவும் வரும், வாலிலும் வரும். இதை அறிந்தவர்கள் நிலையத்தில் எப்போதும் இருப்பார்கள்: நிலைய அலுவலர், பொதி ஏற்றுபவர், நாள்தோறும் அதே வண்டியில் போகும் பருவச்சீட்டுக்காரர், வடைக்கூடையுடன் காத்திருப்பவர். வடை விற்பவருடைய பிழைப்பே எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்ற கணக்கில்தான் இருக்கிறது; அவருடைய கணக்கு பிழைத்ததை நான் கண்டதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது, ஒருமுறை அவரைக் கேளாமல் பட்டதால்தான். பொங்கல் முடிந்த கிழமை, ஒரு நிலையத்தில் மாமியோடு கொழும்புக்குப் போக நின்றேன். இரண்டாம் வகுப்பில் பதிவுசெய்த ஆசனம் இருக்கிறதே என்ற தைரியத்தில் கருமபீடத்துக்கு முன்னால் நிழலில் நின்றோம். வண்டி வந்தது, எங்கள் எழுத்துடைய பெட்டி எங்களைத் தாண்டி மேடையின் அந்தத் தலைப்பில் போய் நின்றது. மாமிக்கு முழங்கால் வருத்தம். ஒரு கையில் அவரும் மறு கையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டியுமாக நான் ஓட, பாதி வழியில் பச்சைக் கொடி அசைந்தது. எதிரே திறந்திருந்த மூன்றாம் வகுப்புக் கதவில் ஏறினோம். அங்கிருந்து எங்கள் ஆசனத்துக்கு உள்ளே நடந்துபோக முடியாத நெரிசல். காசு கொடுத்த ஆசனம் நான்கு பெட்டிகளுக்கு அப்பால் சும்மா கிடக்க, மாமி மதவாச்சி வரை மாம்பழப் பெட்டியின்மேல் இருந்து வந்தார்.

அன்றைக்கு மேடையில் கேட்ட ஒரு சிறு உரையாடல் எனக்கு இப்போதும் ஞாபகம். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தாய், வடைக்காரரிடம் "தம்பி, 'சி' பெட்டி எங்க நிக்கும்?" என்று கேட்டார். "அந்த வேப்பமரத்துக்கு நேர நில்லுங்கோ அம்மா, கதவு உங்கட முகத்துக்கு முன்னால வரும்" என்றார் அவர். அந்த அம்மா போய் வேப்பமரத்தடியில் நின்றார். கதவு அவருடைய முகத்துக்கு முன்னாலேயே வந்தது.

முன்பதிவு இல்லாதவர்கள் வேறுவிதமாக நிற்கவேண்டும். மேடைக்குள் நுழையும் வாசலுக்கு எதிரே வருகிற பெட்டியில்தான் எல்லோரும் ஏறுவார்கள். அங்கிருந்து முன்னாலோ பின்னாலோ ஐம்பது அடி நடந்துபோனவருக்கு நெரிசல் பாதியாகும். ஆனால் மிகக் கடைசிக்குப் போய்விடாதீர்கள். நீளமான வண்டியின் கடைசிப் பெட்டிகள் சிறிய நிலையங்களில் மேடைக்கு வெளியே, சல்லிக்கற்களுக்கு மேலே நிற்பதுண்டு. அங்கிருந்து மிதிபலகை இடுப்பளவு உயரம். வயதானவர்களோ சேலை உடுத்தவர்களோ ஏறுவது கடினம். முதலாம் வகுப்புப் பெட்டிக்கு முன்னால் மூன்றாம் வகுப்புச் சீட்டுடன் நிற்பதும் அதேயளவு வீண்.

ஏறும் அந்த இரண்டு நிமிடம்

வண்டி முழுதாக நிற்கும்வரை கைப்பிடியைத் தொடாதீர்கள். நின்றதும் கதவின் நடுவை விட்டு இரு பக்கமும் ஒதுங்குங்கள், இறங்குபவர்கள் இறங்கட்டும். வவுனியாவில் இறங்குபவர் தொகை எப்போதும் பெரிது. அவர்களைத் தள்ளிக்கொண்டு ஏறினால் இருவரும் கதவில் இறுகி நிற்பார்கள். நேரம் போவது ஏறவேண்டியவருக்குத்தான். இறங்குபவர் மூட்டையோடு தடுமாறினால் மூட்டையை வாங்கிக் கீழே வையுங்கள். அது உபகாரம் மட்டுமன்று, உங்கள் வழியும் திறக்கும்.

குடும்பமாக ஏறும்போது ஒழுங்கு ஒன்றே: முதலில் வலுவுள்ள ஒருவர் வெறுங்கையோடு ஏற வேண்டும். அடுத்து பிள்ளைகள், கீழிருந்து தூக்கிக்கொடுக்க மேலிருப்பவர் வாங்குவார். பிறகு முதியவர், பிறகு பொதிகள், கடைசியாக மற்றைய பெரியவர். நம்மவர்கள் பெரும்பாலும் பொதியை முதலில் ஏற்றுகிறார்கள். யூரியாப் பையில் கட்டிய தேங்காயும் கடகத்தில் வைத்த கருவாடும் கொழும்புக்குப் போய்விட, பிள்ளை மேடையில் நின்று அழும் காட்சி அப்படித்தான் உண்டாகிறது. தோளிற் போடும் பையை முன்பக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கை எப்போதும் கைப்பிடிக்கு வெறுமையாக இருக்கவேண்டும். மேடைக்கும் மிதிபலகைக்கும் இடையிலுள்ள வெளியைப் பார்த்துக் காலை வையுங்கள், இரவில் கைபேசி வெளிச்சத்தில்.

யன்னலுக்குள்ளால் லேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கும் பழக்கம் பஸ்ஸிலிருந்து வந்தது. முன்பதிவில்லாப் பெட்டியில் அது செல்லுமா செல்லாதா என்பது முன்னே இருப்பவருடைய மனதைப் பொறுத்தது; லேஞ்சி போனாலும் பரவாயில்லை. ஆனால் கைப்பையை எறியாதீர்கள். உங்களால் ஏற முடியாமற் போனால் அடையாள அட்டையும் பணமும் மட்டும் பயணம் செய்யும்.

உங்கள் பெட்டி தூரத்தில் நிற்கிறது, கொடியும் காட்டப்படப் போகிறது என்றால், கிட்டவுள்ள கதவில் ஏறி அடுத்த பெரிய நிறுத்தத்தில் மாறிக்கொள்ளலாம். வண்டி அசையத் தொடங்கிவிட்டால் ஓடி ஏறாதீர்கள். ஏ-9 வீதி பாதையோடு ஒட்டியே போகிறது. பஸ் இருக்கிறது, அடுத்த வண்டியும் இருக்கிறது.

சக்கர நாற்காலியில் இருப்பவரோ, நோயாளியோ, தனியே பல பிள்ளைகளுடன் செல்லும் தாயோ, சீட்டு வாங்கியதும் நிலைய அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். கொடி காட்டி வண்டியை விடுபவர்கள் அவரும் வண்டியின் கார்டும்தான். அவர்களுக்கு முன்கூட்டித் தெரிந்திருந்தால் நீங்கள் ஏறி முடியும்வரை பார்த்துக்கொள்வார்கள். கதவடியில் நின்று கத்துவது வண்டியின் மறு தலைப்பில் நிற்கும் கார்டுக்குக் கேளாது. பெரிய பொதிகளையும் துவிச்சக்கர வண்டியையும் பெட்டிக்குள் ஏற்றப் பாராமல், நேரத்தோடு பார்சல் பிரிவில் பதிந்து கொடுத்துவிடுங்கள்.

உள்ளே வந்தபின்

கதவடியிலேயே நின்றுவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் மாங்குளத்தில் இன்னும் ஆட்கள் ஏறவிருக்கிறார்கள். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு முறிகண்டிக் காற்றை வாங்குவது இன்பமாகத்தான் இருக்கும். பாதையோரக் கம்பங்களும் பாலத்தின் இரும்பும் அதைவிடக் கிட்ட இருக்கின்றன.

உங்கள் ஆசனத்தில் வேறொருவர் இருந்தால் முதலில் உங்கள் சீட்டையே மறுபடி பாருங்கள். திகதி பிழையாக இருக்கலாம், பெட்டி பிழையாக இருக்கலாம். அதன்பின் சீட்டைக் காட்டி, "ஐயா, இது எங்கட சீற் போல கிடக்குது, ஒருக்காப் பாருங்கோ" என்று சொன்னால் பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள். மறுத்தால் வாதாடாமல் பரிசோதகர் வரும்வரை பொறுங்கள்.

சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இறங்கும் நிலையத்தின் வாசலில் அதைக் கேட்டு வாங்குவார்கள். கச்சான் சுருளைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கடதாசியோடு அட்டைத் துண்டையும் சேர்த்து யன்னலால் எறிந்துவிட்டுக் கொழும்புக் கோட்டை நிலைய வாசலில் பையைத் துழாவுகிறவரை ஒவ்வொரு பயணத்திலும் காணலாம். பொதிகளைத் தூக்கி வைத்ததும் சீட்டை அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிவிடுங்கள்.